சூழல் மாறி (கணினியியல்)

சூழல் மாறி என்பது ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது அதற்குக் கையளிக்கப்படும் பெயர்-மதிப்பு இணை ஆகும். 1979 இல் வெளியான யுனிக்சு ஏழாம் பதிப்பில் இது அறிமுகமானது. ஷெல் கட்டளைநிரல் ஒன்று பைத்தான், ஜாவா போன்ற வேறொரு மொழியின் நிரலை அழைக்கும்போது, நிரற்கூறுகளை எங்கே தேடுவது, எழுத்துகளை எக்குறிமுறையில் வெளியிடுவது போன்றவற்றை இம்மாறிகள் வழியாகத் தெரிவிக்கலாம்.

மதிப்பிடும் முறை

ஒரு நிரல் மற்றொன்றைத் தொடங்கும்போது, தாய் நிரலின் சூழல் படியெடுக்கப்பட்டுச் சேய் நிரலுக்குத் தரப்படுகிறது. அது படி மட்டுமே என்பதால், சேய் செய்யும் மாற்றம் தாயை எட்டுவதில்லை.

ஷெல்லில் புதிய மாறிக்கு வெறுமனே மதிப்பிட்டால் அது ஷெல்லுக்குள்ளேயே நின்றுவிடும். 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் அறிவித்தால், பின்னர் அழைக்கப்படும் நிரல்கள் அனைத்துக்கும் செல்லும். ஒரே நிரலுக்கு மட்டும் தேவையெனில், அழைக்கும் கட்டளைக்கு முன்னால் அதே வரியில் எழுதுவது நன்று. பிற நிரல்கள் பாதிக்கப்படா. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இருத்தல் கூடாது.

அழைக்கப்படும் மொழி தொடங்கும் முன்னரே மதிப்பிடுதல் வேண்டும். 'பைத்தான்பாத்' மாறியைப் பைத்தான் தொடக்கத்தில் ஒருமுறைதான் படிக்கிறது. நிரலுக்குள்ளிருந்து அதை மாற்றினால் அந்நிரலின் தேடுபாதை மாறாது. அது தொடங்கும் பிற பைத்தான் நிரல்களுக்கே மாற்றம் பயன்படும்.

தமிழ் உரையில் விளைவு

மொழி, வட்டாரம், குறிமுறை ஆகியவற்றின் தொகுப்பு லொக்கேல் எனப்படும். இதனை 'லாங்' மாறி குறிக்கிறது. 'எல்சி ஆல்' மாறி இருப்பின் அதுவே மேலோங்கும். இரண்டும் இல்லையெனில் பொதுவாக ஆசுக்கி எழுத்துகளை மட்டும் அறிந்த 'சி' லொக்கேல் கொள்ளப்படும்.

மதுரை மாவட்டத்தில் ஏறுதழுவலுக்குப் பெயர்பெற்ற அலங்காநல்லூரின் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் வழக்கில் இது 8 எழுத்து. ஒருங்குறியில் 13 குறியெண். யூடிஎஃப்-8 குறிமுறையில் 39 பைட்டு. லினக்சில் 'சி' லொக்கேலின்கீழ் இப்பெயரை ஜாவா நிரல் அச்சிட்டால் 13 கேள்விக்குறிகள் கிடைக்கும். பிழைச்செய்தி ஏதும் வராது. வெளியீடு கோப்பில் சேமிக்கப்பட்டிருந்தால் மூல உரையை அதிலிருந்து மீட்கவும் இயலாது. பைத்தான் 3.6 வரையிலான பதிப்புகள் பிழைகாட்டி நின்றுவிடும். ஒருவகையில் இதுவே மேல். 2018 இல் வெளியான 3.7 முதல், 'சி' லொக்கேலிலும் பைத்தான் யூடிஎஃப்-8 ஐயே பயன்படுத்துகிறது.

திரையில் சரியாக இயங்கிய கட்டளைநிரல், குறித்த நேரத்தில் தானே இயங்கும்படி 'கிரான்' அட்டவணையில் இடப்பட்டதும் தவறுவது இதனாலேயே. பயனரின் உள்நுழைவுக் கோப்புகளைக் கிரான் படிப்பதில்லை. மிகச் சில மாறிகளை மட்டுமே தருகிறது. எனவே கட்டளைநிரலின் தொடக்கத்திலேயே 'லாங்' மாறிக்கு யூடிஎஃப்-8 லொக்கேல் ஒன்றை இட்டு 'எக்ஸ்போர்ட்' செய்யவேண்டும். அந்த லொக்கேல் கணினியில் நிறுவப்பட்டிருத்தலும் தேவை. இல்லையெனில் மீண்டும் 'சி' தான்.

தமிழ் நிரல்மொழியான எழிலின் மொழிபெயர்ப்பி பைத்தானில் எழுதப்பட்டது. ஆகவே எழில் நிரலை ஷெல்லிலிருந்து அழைப்போரும் பைத்தானுக்குரிய மாறிகளையே கவனிக்கவேண்டும்.