யாருக்காக ஓடுகிறது இந்த த்ரெட்?

ஒரு ஜாவா சர்வரை யார் என்னிடம் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த வேலை யாருக்காக நடக்கிறது என்பது அதைச் செய்கிற த்ரெட்டுக்கு எப்படித் தெரியும்?

சர்வ்லெட் வந்த புதிதில், 1997 வாக்கில், இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வந்த ரிக்வெஸ்டை ஒரு த்ரெட் எடுத்துக்கொள்ளும். பதில் போகும்வரை அது கைமாறாது. 1998 டிசம்பரில் ஜாவா 1.2, ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென மதிப்புகளை வைத்துக்கொள்ள த்ரெட்லோக்கலைக் கொடுத்ததும், லாகின் செய்தவர் பெயர், டிரான்ஸாக்‌ஷன், மொழி எல்லாம் அதற்குள் போயின. எந்த மெத்தடிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய சௌகரியம்தான்.

நடுவில் புதிதாக ஒரு த்ரெட்டைத் தொடங்கினால் அதற்கு இவை எதுவும் தெரியாது. அதற்காகவே அதே 1.2-இல் இன்ஹெரிட்டபிள்த்ரெட்லோக்கலும் வந்தது. தாய் த்ரெட்டில் இருப்பது, குழந்தை த்ரெட் பிறக்கும்போது அதற்கும் போய்ச்சேரும். பிறக்கும்போது மட்டும்.

2004-இல் வந்த ஜாவா 5, டக் லீ முன்னின்று உருவாக்கிய கன்கரன்ஸி நூலகத்தின் வழியே த்ரெட் பூலை எல்லார் கைக்கும் எட்டவைத்தது. பூலில் ஒரு த்ரெட் ஒருமுறைதான் பிறக்கிறது. பிறகு யார் யாருடைய வேலையையோ நாள்கணக்கில் செய்கிறது. காலையில் வந்தவரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டால், மாலையில் வேறொருவர் செய்த மாற்றமும் அவர் பெயரிலேயே பதிவாகும். அப்படியொரு ஆடிட் பதிவை நான் பார்த்திருக்கிறேன். எர்ரர் இல்லை, சர்வர் நிற்கவில்லை. செய்யாத காரியம் ஒருவர் தலையில் விழுந்திருந்தது. சர்வர் விழுந்துபோவதைவிட இது கொடியது.

லாக் எழுதும் நூலகமான லாக்பேக்கில், லாக் வரிகளோடு சேர்க்கவென்று த்ரெட்டில் வைக்கும் எம்டிசி விவரங்கள் குழந்தை த்ரெட்டுக்குப் போவதையே 1.1.5 பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. யாருக்கான வேலை என்ற சூழலை எடுக்கவேண்டிய இடம் த்ரெட் பிறக்கும் இடமல்ல, வேலையை பூலிடம் ஒப்படைக்கும் இடம். அங்கே பிரதி எடுத்து, ஓடப்போகும் த்ரெட்டில் வைத்து, முடிந்ததும் துடைத்துவிடவேண்டும். 2016-இல் ஸ்பிரிங் 4.3 தந்த டாஸ்க்டெகரேட்டர் இதற்குத்தான் வழிசெய்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா ஈஈ உலகத்தில் இபிஜே விதிகள் சொந்தமாக த்ரெட் தொடங்குவதையே தடைசெய்திருந்தன. அதற்கு மாற்றாக 2003-இல் ஆரம்பித்த ஜேஎஸ்ஆர் 236 என்ற தரநிலை, ஜாவா ஈஈ 7 வந்த 2013-இல்தான் முடிந்தது. அந்தப் பத்து வருடமும் ஆளுக்கொரு ஒட்டுவேலை.

2025-இல் ஜாவா 25-ஓடு ஸ்கோப்டு வேல்யூ முழுமையாக வந்துவிட்டது. வைத்த மதிப்பை இடையில் யாரும் மாற்றமுடியாது. அதை வைத்த பிளாக் முடிந்ததும் தானாகவே போய்விடும். துடைக்க மறந்துபோவது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.