திகில் திரைப்படங்களின் விளம்பர உருவம்

ஒரு திகில் திரைப்படம் அரங்குக்கு வருமுன்பே சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம், முன்னோட்டம், அரங்கின் முன்கூடத்தில் வைக்கும் புகைப்பட அட்டைகள் எனப் பல வடிவங்களில் ஜனங்களின் கண்ணில் படுகிறது. இவை யாவும் ஒரே சின்னத்தையும் வர்ணத்தையும் எழுத்தையும் தாங்கி, எதைக் கண்டாலும் இன்ன படம் என்று உடனே விளங்கும்படி அமைவதையே அப்படத்தின் விளம்பர உருவம் என்கிறோம். பிற படங்களுக்குப் பிரபல நடிகரின் முகமே போதியதாயிருக்க, திகில் படத்துக்கோ, அஞ்சத்தக்க பொருளை முன்னரே காட்டிவிட்டால் அச்சம் கரைந்துபோகும், முற்றும் மறைத்துவிட்டால் கூட்டம் சேராது என்னும் தர்மசங்கடம் எப்போதும் இருந்து வந்திருக்கிறது.

இக்கலையின் தொடக்கத்தை 1920-ஆம் ஆண்டின் பெர்லின் நகரத்தில் காண்கிறோம். ராபர்ட் வீனெ இயக்கிய 'டாக்டர் கலிகாரியின் பெட்டகம்' வெளிவருமுன், படத்தின் பெயரோ விளக்கமோ எதுவுமின்றி, 'நீ கலிகாரி ஆகியே தீரவேண்டும்' என்ற கட்டளையை மட்டும் தாங்கிய சுவரொட்டிகள் நகரில் ஒட்டப்பட்டன. படத்தின் ஒரு கட்டத்தில், சித்தம் பேதலித்த வைத்தியரைச் சுற்றி இதே வாசகம் வெட்டவெளியில் எழுத்தெழுத்தாகத் தோன்றி அவரைத் துரத்துகிறது. ஆகவே பிப்ரவரி 26-ஆம் தேதி மார்மோர்ஹவுஸ் அரங்கில் அமர்ந்தவர்கள், தெருவில் தாம் வாசித்த கட்டளையே திரையில் ஒருவரைப் பிடித்தாட்டுவதைக் கண்டார்கள்.

எனினும், படத்தையும் விளம்பரத்தையும் ஒரே கரத்தின் சிருஷ்டியாக்கிய பெருமை ஆல்பின் கிராவ் என்னும் ஓவியருக்கே உரியது. மாந்திரீக சாஸ்திரங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த இவர், என்ரிகோ டீக்மனுடன் சேர்ந்து 1921-இல் ஒரு படக் கம்பெனியைத் தொடங்கி, அதற்கு 'பிராணா' என்று நம் யோக நூல்களிலிருந்தே பெயர் சூட்டினார். அந்தக் கம்பெனி முடித்து வெளியிட்ட ஒரே படம் முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' ஆகும். அரங்க அமைப்பு, உடைகள் ஆகியவற்றோடு சுவரொட்டிகளையும் பத்திரிகை விளம்பரச் சித்திரங்களையும் கிராவே வரைந்தமையால், திரையில் நாம் காணும் ஒடுங்கிய தோள்களும், எலியின் பற்களும், நகம் நீண்ட விரல்களும் காகிதத்திலும் அதே கோடுகளில் உருப்பெற்றன. 1922 மார்ச் 4-ஆம் தேதி பெர்லின் மிருகக்காட்சிசாலையின் பளிங்கு மண்டபத்தில் நடந்த முதற் காட்சிக்கு, கதை நிகழும் 1830-களின் உடையணிந்து வருமாறு விருந்தினர் அழைக்கப்பட்டனர். பார்வையாளரின் உடையையும் படத்தின் உருவத்துக்குள் இழுத்துக்கொண்ட இந்தத் துணிவுக்கு இணையாகப் பிற்காலத்தில் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. இப்படம் 'டிராகுலா' நாவலை அனுமதியின்றித் தழுவியதென்று அதன் ஆசிரியரான பிராம் ஸ்டோக்கரின் விதவை தொடுத்த வழக்கில் கம்பெனி நொடித்துப்போய், பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் உத்தரவும் பிறந்தது. தப்பிய சில பிரதிகளாலேயே படம் இன்றும் வாழ்கிறது.

கிராவ் தனியொருவராகச் செய்ததை அமெரிக்காவில் யூனிவர்சல் கம்பெனி ஒரு தொழிற்சாலை முறையாக்கியது. 1931-இல் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1932-இல் 'மம்மி' என்று வரிசையாக வந்த படங்களுக்கு, ஹங்கேரியில் பிறந்த கரோலி கிரோஸ் விளம்பரச் சித்திரப் பகுதியின் தலைவராயிருந்தார். 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்ட ஒற்றைத் தாள் முதல் 24 தாள்களை இணைத்த பெருஞ்சுவரொட்டி வரை, கல்லச்சில் பல அளவுகளில் அச்சிட்டு, அவற்றின் மாதிரிகளைத் தொகுத்த விளம்பரப் புத்தகம் ஒன்றும் அரங்கு நடத்துவோருக்கு அனுப்பப்பட்டதனால், எங்கோ ஒரு சிற்றூரில் படம் ஓடினாலும் அதன் முகம் மாறாதிருந்தது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் பூதமாக நடித்தவரின் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி மட்டும் இடப்பட்டது. சுவரொட்டிகள் கூவிச் சொன்ன அனைத்தையும்விட அந்தக் குறியே நுட்பமானது என்பது நம் அபிப்பிராயம்.

1950-களில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் கம்பெனியார் முதலில் தலைப்பும் சுவரொட்டியும் செய்துகொண்டு, பிறகே கதை எழுதுவிக்கும் வழக்கத்தை மேற்கொண்டார்கள். சித்திரத்தில் வாக்களித்தது திரையில் கிடைக்காமற் போன படங்கள் அக்காலத்தில் பல. இதற்கு மாறாக, ஒரே சின்னத்தால் படத்தைச் சொல்லும் மார்க்கத்துக்கு வழிகோலியவர் வடிவமைப்பாளர் ஸால் பாஸ். அவர் 1955-இல் ஒரு போதைப் பழக்கக் கதைக்கு, வளைந்து முறிந்த கை ஒன்றையே சுவரொட்டிக்கும் திரைத் தலைப்புக்கும் பொதுச் சின்னமாக்கினார். ராபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' நாவலின் அட்டைக்காக டோனி பல்லாடினோ குறுக்கே பிளந்து வரைந்த எழுத்துக்களை, 1960-இல் ஹிட்ச்காக் தம் படத்தின் விளம்பரத்துக்கும் எடுத்துக்கொண்டார்; பிளவுண்ட மனத்தைப் பிளவுண்ட எழுத்தே சொல்லிவிட்டமையால் வேறு சித்திரத்துக்கு அங்கே அவசியமில்லை.

இந்த மார்க்கத்தை முழுமையாக்கியவர்கள் ஸ்டீபன் பிராங்க்ஃபர்ட்டும் பிலிப் கிப்ஸும் ஆவர். 1968-இல் 'ரோஸ்மேரீஸ் பேபி' படத்துக்கு, பசுமை படர்ந்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகத்தையும், அதன்மேல் பாறை முகட்டில் தனித்து நிற்கும் குழந்தை வண்டியின் நிழலுருவையும் மட்டும் அவர்கள் வைத்தார்கள். 1973-இல் 'எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு பில் கோல்ட், தெரு விளக்கடியில் கைப்பையுடன் நிற்கும் பாதிரியாரைக் காட்டி, பேய் பிடித்த சிறுமியைக் காட்டாமலே விட்டார். 1975-இல் 'ஜாஸ்' நாவலின் மலிவுப் பதிப்புக்கு ரோஜர் காஸ்டெல் தீட்டிய சுறாவே சுவரொட்டியிலும் மேலெழுந்தது. 1979-இல் 'ஏலியன்' வந்தபோது, ஓவியர் கிகர் வடித்த பயங்கர ஜந்துவைக் காட்ட எத்தனையோ ஆசை எழுந்திருக்கக்கூடிய நிலையில், கிப்ஸ் கரிய வெளியில் வெடிப்புற்ற ஒரு முட்டையையும் அதிலிருந்து கசியும் பச்சை ஒளியையும் மட்டுமே காட்டினார். விண்வெளியில் உன் அலறல் எவர்க்கும் கேளாது என்னும் பொருள்பட அவருடைய மனைவி பார்பரா எழுதிய ஒரே வாக்கியம் அதனுடன் சேர்ந்தது. தலைப்பின் ஐந்தெழுத்துக்களும் தாளில் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்க, படத்தின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கிரீன்பெர்க் அவற்றைக் கோடு கோடாக மெல்லத் தோன்றவைத்தார். சுவரொட்டியின் முட்டை கோழிமுட்டையை ஒத்தது. திரையில் வரும் முட்டையோ தோல் போர்த்த வேறொன்று. பொருள் ஒவ்வாவிடினும் பாவம் ஒத்திருப்பதே உருவ ஒருமைக்கு உயிர் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

1999-இல் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' இந்த மறைப்பை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. காட்டில் மூன்று மாணவர் காணாமற்போன உண்மைச் சம்பவமாகவே கதையைப் பாவித்து, நடிகரின் புகைப்படங்களோடு 'காணவில்லை' அறிவிப்புக்கள் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் விநியோகிக்கப்பட்டன. இணையத்திலும் காவல்துறைக் குறிப்புகள் போன்ற ஆவணங்கள் வெளியாயின. சுள்ளிகளைக் கட்டிச் செய்த மனித வடிவம் ஒன்றே இவை அனைத்துக்கும் பொதுச் சின்னமாயிற்று. படம் முழுவதிலும் சூனியக்காரி ஒரு கணமும் திரையில் தோன்றுவதில்லை.