மீனம்பாக்கத்துக் காற்று

சென்னையில் 1910-இல் விமானம் ஓட்டிக் காட்டியவர் ஹோட்டல்காரர் டி ஏஞ்சலிஸ். 1930-இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்தது. அக்காலத்து விமானத் திடல்கள் வெறும் புல்தரை. காற்று எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் அதற்கு எதிரே மூக்கைத் திருப்பி இறங்கலாம். எங்கள் ஐயங்கார்குளம் ஏரியில் கொக்கு இறங்குவதும் அப்படித்தானே! விமான வேகம் 50 நாட், எதிர்காற்று 15 என்றால், தரையில் 35தான், சீக்கிரம் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், கெட்டி ஓடுதளம் வந்த பிறகுதான் பயில்கிறவர் பாடு திண்டாட்டம். காற்று ஓடுதளம் பார்த்தா வீசும்? மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளத்தில் தென்கிழக்குக் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். நண்டு மாதிரி கோணலாகவே வந்து, தரை தொடும் நேரத்தில் காலால் மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தணும். பயிற்சிக்கான டைகர் மாத்துக்கு பிரேக்கும் கிடையாது. நேராக்கத் தாமதித்தால் சக்கரக்கால் ஒடியும். முந்தினால் காற்று ஓடுதளத்தை விட்டே தள்ளிக்கொண்டு போகும்.