வைக்கோல் கட்டு வீடு

இயந்திரத்தில் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல அடுக்கி, இருபுறமும் பூச்சுப் பூசிக் கட்டும் வீடு. இம்முறை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மணற்குன்றுப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அங்கு மரம் அரிது. மண்ணோ மணற்பாங்கு, சுவருக்கு நிற்காது. குதிரைகள் இழுத்து இயக்கிய கட்டும் இயந்திரங்கள் வந்ததும், குடியேறிகள் புல்லையும் வைக்கோலையும் சுவராக்கினர். பூசாமல் விட்ட பள்ளிக்கூடம் ஒன்றை மாடுகள் தின்று தீர்த்ததாக ஒரு கதையும் உண்டு. ஆர்தர் என்ற சிற்றூரில் 1928-இல் கோதுமைக்கு நெருங்கிய தானியமான ரையின் வைக்கோலால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

நெப்ராஸ்கா முறையில் தூண்கள் இல்லை. கூரையின் பாரத்தைக் கட்டுகளே தாங்கும். ஆகவே சுவர் அமுங்கி நிலைத்த பிறகே பூச வேண்டும். மரச்சட்டத்துக்கு இடையில் கட்டுகளை நிரப்புவது மற்றொரு முறை. பிரான்சின் மோந்தார்ழி நகரில் 1920-இல் கட்டிய ஃபோயெத் இல்லம் இவ்வகை.

தடித்த சுவர் வெப்பத்தையும் குளிரையும் நன்கு தடுக்கும். நெருப்பைவிட ஈரமே இதற்குப் பெரும் பகை: இறுகிய கட்டுக்குள் காற்று குறைவு என்பதால் தீ எளிதில் பரவாது, நனைந்தாலோ பூஞ்சை பிடித்து மக்கும். அதனால் உயர்ந்த அடித்தளமும் அகன்ற இறவாணமும் தவிர்க்க முடியாதவை.