யாருடைய காணியில் ஈகை? மலையகப் பெருந்தோட்டங்களில் பேரிடர்க் கொடை பற்றி

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம். அடுத்த சில நாட்கள் கொழும்பிலிருந்தும் வடக்கிலிருந்தும் லொறிகள் வந்த வண்ணம் இருந்தன; தஞ்சம் கொடுத்த பாடசாலைகளில் அரிசி மூட்டைகளும் உடுப்புப் பொதிகளும் குவிந்தன. உயிர் தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டதோ 2016 ஒக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் பல குடும்பங்கள் இயங்காத தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் படுத்தெழும்பின. அரிசி மூன்று நாளில் மலையேறிற்று. வீடு எழும்ப இரண்டு ஆண்டு ஆயிற்று. இந்த இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள்.

மீரியபெத்தை ஊவா மாகாணத்தில் உள்ளது. ஆனால் அங்குள்ள காணி உரிமை முறைதான் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலும். ஆகவே அதைக் கொண்டு முழு மலையகத்தையும் பேசுவதில் பிழையில்லை. என் வாதம் இது: தோட்டப் பகுதியில் பேரிடருக்குப் பின் கொடுக்க முன்வருபவர், "என்ன தேவை?" என்று கேட்பதற்கு முன்னர் "இது யாருடைய காணியில் போய் நிற்கும்?" என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காத கொடை, எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும், முதல் மாதத்தோடு தீர்ந்துவிடும்.

காணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போயிற்று. காணி அரசினது, குத்தகை கம்பனியினது. லயத்தில் நான்கு, ஐந்து தலைமுறையாக வாழ்பவருக்கு இரண்டிலும் இடமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி ஒதுக்க வேண்டுமென்றால் கம்பனி விடுவிக்க வேண்டும், அமைச்சு இணங்க வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவு பாதுகாப்பானதென்று அறிக்கை தர வேண்டும், நில அளவையாளர் வர வேண்டும். இவற்றில் ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவதற்கே தடையாக இருந்து 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்குப் போடும் மக்கள் தங்கள் சபையிடமிருந்து ஒரு பாதையைப் பெற மூன்று தசாப்தம் பிடித்திருக்கிறது என்றால், அதே மக்களுக்கு வெளியூர் நன்கொடையாளர் வீடு கட்டித்தர வருவது எளிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி, கொடை யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல். மீரியபெத்தையில் முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகப் பேசப்பட்டது. பின்னர் அந்தத் தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. செய்தியாளர்களின் மிகை மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்த லயங்களில் யார் யார் குடியிருந்தார்கள் என்று உடனே உறுதியாகச் சொல்லும் நம்பகமான பட்டியல் இருக்கவில்லை. தோட்டத்து அலுவலகத்தின் செக்ரோலில் இருப்பது வேலையாட்களின் பெயர். குடியிருப்போரின் பெயர் அல்ல. இன்றைக்கு லயத்தில் இருப்போரில் பெரும்பாலானவர்கள் செக்ரோலில் இல்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்பான், மருமகள் ஹட்டன் டவுனில் தையல் வேலைக்குப் போவாள், பாட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் 'பேர்', அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, விழுவது ஒருத்திக்கு மட்டும்.

நிவாரணப் பொதி பங்கிடப்படும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று. இஸ்தோப்பை மறைத்து மூத்த மகனும் மனைவியும், பின்பக்கம் தகரத்தில் ஒத்தாப்பு இறக்கி இளையவன் குடும்பம், உள்ளே பெற்றோர். மூன்று அடுப்பு, ஒரே லய இலக்கம். பொதி லய இலக்கத்துக்கு ஒன்று என்று வந்தால் மூன்று குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசி. பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் கணவன் மனைவிக்கும் அதே ஐந்து கிலோ. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது வரும் சச்சரவில் பாதி இதனால்தான். 'தோட்டத்து ஆட்கள் எப்போதும் சண்டை' என்று வெளியூர்த் தொண்டர் அலுத்துக்கொள்கிறார். அவர் கையில் இருக்கும் பட்டியல்தான் சண்டை மூட்டுகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. தொழிற்சங்கத் தலைவர் தன் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்களை முன்னே நிறுத்துவதும் உண்டு. அவரைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் எதையும் செய்துவிட முடியாது; அவர் பட்டியலை மட்டும் நம்பியும் செய்துவிடக்கூடாது. கிராம உத்தியோகத்தரின் வாக்காளர் இடாப்பு, குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவின் பதிவு, பாடசாலை வரவு, கோயில் கமிட்டியின் திருவிழாக் கணக்கு என்று நான்கையும் ஒப்பிட்டால் ஒரு டிவிசனில் உண்மையில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று ஒரு மாலைக்குள் கண்டுபிடித்துவிடலாம். கோயில் கணக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வரி கொடுத்த குடும்பத்தை விட்டுவிடாமல் எழுதும் ஏடு தோட்டத்தில் அது ஒன்றே.

அடுத்து, பொருளா பணமா என்ற பழைய விவாதம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் வீதியோரங்களில் யாரும் தொடாத பழைய உடுப்புகள் மழையில் ஊறிக் கிடந்தன. அந்தப் பேரிடருக்கு உலகம் சுமார் 1,350 கோடி அமெரிக்க டொலர் கொடுத்தது என்றும், பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அது ஏழாயிரம் டொலருக்கு மேல் என்றும், அதே ஆண்டு பங்களாதேஷ் வெள்ளத்தில் ஒருவருக்குக் கிடைத்தது மூன்று டொலர் என்றும் கூட்டு மதிப்பீட்டு அறிக்கை 2006இல் கணக்குக் காட்டியது. கொடை தேவையைப் பின்தொடர்வதில்லை, தொலைக்காட்சியைப் பின்தொடர்கிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பேரலை வந்து பத்து நாளுக்குள், இந்தப் பணிக்குப் போதிய பணம் வந்துவிட்டது, இனி வருவதை வேறு இடங்களுக்குச் செலவிட அனுமதி தாருங்கள் என்று கொடையாளர்களிடம் வெளிப்படையாகக் கேட்டது. அந்த நேர்மையைப் பிற அமைப்புகள் அப்போது ரசிக்கவில்லை.

இலங்கையில் அதே பேரலைக்குப் பின் உலக உணவுத் திட்டம் சில இடங்களில் உணவுப் பங்கீட்டுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துச் சோதித்தது. பணம் பெற்ற குடும்பங்கள் அரிசி, கோதுமை மாவைச் சற்றுக் குறைத்து, இறைச்சி, பால் போன்றவற்றைக் கூட்டிக்கொண்டதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். தோட்டத்தில் பணம் கொடுத்தால் அது சாராயக் கடைக்குப் போகும் என்ற வாதம் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. சம்பள நாளில் தவறணையில் கூட்டம் கூடுவது உண்மைதான். ஆனால் அந்த வாதத்தைச் சொல்பவர்கள் கொழும்பு வெள்ளவத்தையிலோ யாழ்ப்பாணத்திலோ இழப்பீடு வாங்கும் குடும்பத்தைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. பெண்ணின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் அந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும். மேலும் தோட்டத்தில் பணத்துக்கு வேறோர் அவசரத் தேவை இருக்கிறது. மலை மூடப்பட்டால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அந்த மாதம் சாப்பாடு ஓடுவது டவுன் கடைக்காரரின் கடன் கொப்பியில். நிவாரண அரிசி வந்து குவியும்போது அந்தக் கடைக்காரருக்கு வியாபாரமும் இல்லை, பழைய கடனும் வராது. மறுமாதம் அவர் கடன் கொடுக்கத் தயங்குவார். பணமாகக் கொடுத்தால் கொப்பி அடைபடும், கடையும் பிழைக்கும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவுகளால் கடுமையாக அடிபட்டன. நுவரெலியாவுக்கு ஏறும் வீதிகள் பல இடங்களில் அறுந்தன, மலையக ரயில் பாதை தொங்கியது, மின்சாரமும் தொலைபேசியும் போயின. அந்தச் சில நாட்கள் கையில் ஐயாயிரம் ரூபாத் தாள் இருந்தும் பயனில்லை; கடைக்குச் சாமான் வர வழியில்லை. அப்போது அரிசி, பால்மா, மெழுகுதிரி, தறப்பாள்தான் வேண்டும். பாதை திறந்த நாளிலிருந்து பொருளை நிறுத்திப் பணத்துக்கு மாற வேண்டும். நம் கொடையாளர்களோ பாதை திறந்த பிறகுதான் பொருளோடு புறப்படுகிறார்கள்.

'டித்வா'வுக்குப் பின் வீட்டை முழுதாக இழந்தவர்களுக்கு 50 இலட்சம் ரூபாவும், காணி இல்லாதோருக்குக் காணி வாங்க மேலும் 50 இலட்சம் வரையும் தருவதாக அரசு அறிவித்தது. தாராளமான அறிவிப்பு. ஆனால் லயத்தில் இருந்தவரிடம் இழந்த வீடு யாருடையது என்று கேட்டால், அவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, அதற்கு வேண்டிய சான்றுகளைச் சேர்த்து, சிங்களத்தில் வரும் கடிதத்துக்குப் பதில் எழுதி முடிக்க ஒரு குடும்பத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பல நாள் துணை நிற்க வேண்டும். அப்படித் துணை நிற்கும் இளைஞனுக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுப்பது, என் கணிப்பில், நூறு உலர் உணவுப் பொதிகளைவிடப் பெறுமதியானது. அவன் ஒரு குடும்பத்துக்கு வாங்கித்தரக்கூடிய அரச உதவி அவன் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. இந்தச் செலவைக் கொடையாளர்கள் 'நிர்வாகச் செலவு' என்று பெயரிட்டு வெறுக்கிறார்கள். ரசீதில் அப்படித்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது.

கடல் கடந்து பார்த்தாலும் கதை காணியில் வந்தே நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு கேரளத்தின் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். மறுநாள் மாலை கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம், பெட்டிமுடிக்கு 5 இலட்சம் என்று மாநில அரசு அறிவித்ததை மூணாறுத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் ஒதுக்க, கம்பனி எட்டு வீடுகள் கட்டிக்கொடுத்தது. 2024 ஜூலை 30 வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைப் பேரழிவுக்குப் பின் கேரளம் வேறு வழியில் போயிற்று. வீடு கட்டித்தர முன்வந்தவர்களை ஆளுக்கொரு மூலையில் கட்டவிடாமல், வீடொன்றுக்கு 20 இலட்சம் ரூபா என்று பங்கு நிர்ணயித்து ஒரே நகரியத்துக்குள் அழைத்தது. கர்நாடக அரசு 100 வீடுகளுக்கு ஏற்றுக்கொண்டது. நிலத்துக்காகக் கல்பற்றாவிலிருந்த எல்ஸ்டன் தேயிலைத் தோட்டக் காணியையே அரசு எடுத்தது. தோட்ட நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது, வழக்கு நடந்தது, 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தாமதம் என்று முறையிட்டுத் தனியே நிலம் வாங்கிக் கட்டப் போன அரசியல் கட்சிகளும் உண்டு. ஆயினும் கொடையாளர் பணத்தை முதலில் திரட்டி, அந்தத் திரண்ட பணத்தைக் காட்டி நிலத்தை எடுக்கும் அரசியல் பலத்தைக் கேரளம் உண்டாக்கிக்கொண்டது. மலையகத்தில் நாம் பணத்தைச் சிதறவிட்டுவிட்டு நிலத்துக்குக் கெஞ்சுகிறோம்.

ஆகவே மலையகத்துக்குக் கொடுக்கும் சங்கம் ஒன்று, அது ரொறன்ரோவில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், திரட்டியதில் பாதியையாவது ஓராண்டு தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. காணி விடுபடும் நாளில்தான் அந்தப் பணத்துக்கு வேலை. அதுவரை வங்கியில் கிடப்பதைச் சங்கத்தின் உறுப்பினர்கள் குறை சொல்வார்கள், 'படம் எங்கே?' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இன்னொரு கடினமான எதிர்வாதம் உண்டு. கம்பனியும் அரசும் செய்ய வேண்டியதை நன்கொடையாளர் செய்தால் அவர்கள் கடமையிலிருந்து நழுவிக்கொள்ள மாட்டார்களா? இது வெறும் பயமில்லை. மழைநீரை மலையிலிருந்து பிரித்து ஓடவிடும் கான்களை வெட்டித் துப்புரவாக வைத்திருப்பது தோட்ட நிர்வாகத்தின் வேலை. ஆள் பற்றாக்குறையில் பல மலைகளில் கான்கள் தூர்ந்து, நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தக் கான்களை நன்கொடைப் பணத்தில் வெட்டினால் நிர்வாகம் நன்றி சொல்லி அடுத்த மழைக்கும் நம்மைத்தான் எதிர்பார்க்கும். அதனால் கான் வெட்டக் கொடுக்க வேண்டாம். கான் தூர்ந்திருப்பதை ஆவணப்படுத்தக் கொடுக்கலாம்.

ஆவணப்படுத்த வேண்டிய இன்னொன்று மழை. மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகளே சொன்னார்கள். எச்சரிக்கை கடிதமாக இருந்தது. லயத்துக்கு அது இறங்கவில்லை, இறங்கியிருந்தாலும் போக வேறிடம் இருக்கவில்லை. இருபத்துநான்கு மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்புக்கும், 100 அடுத்த கட்டத்துக்கும், 150 வெளியேறுவதற்கும் என்று அந்த நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. நுவரெலியா மலைகளில் மழை ஒரு டிவிசனில் கொட்டி அடுத்த டிவிசனில் தூறும். மழைமானி இருப்பது ஓரிடத்தில். கொட்டுவது மேல் மலையில். ஒரு மழைமானிக்கும், அதை வாசித்து ஏட்டில் எழுதும் பாடசாலை மாணவருக்கு ஒரு சிறு கொடுப்பனவுக்கும் ஆகும் செலவு, ஒரு நிவாரண லொறிக்கு ஹட்டன் வரை ஆகும் டீசல் காசைத் தாண்டாது. அந்த ஏடு பின்னால் காணிக் கோரிக்கையிலும் சான்றாகும்: இந்த லயம் இன்ன திகதிகளில் 150ஐத் தாண்டியது, இங்கே இனி ஆளை இருத்த முடியாது என்று பிரதேச செயலாளரின் மேசையில் வைக்கலாம்.