கைதச்சக்கைத் தோலும் எங்க ஊர் பசுவும்

பேச்சிப்பாறை அணை கட்டி முடிஞ்சது 1906-ல். எஞ்சினியர் மிஞ்சின் பேரையும், கீழே நாஞ்சில் நாட்டு வயலுக்குப் போன தண்ணியையும் எல்லாரும் சொல்லுவாங்க. மேலே மலையில மாடு என்ன தின்னுச்சுன்னு யாரும் எழுதி வைக்கல.

அந்தக் காலத்துல மாட்டுக்கு மேய்ச்சல் போக மிச்சம் வீட்டுக் கழிவுதான். சக்கைக் காலம் வந்தா சுளையும் கொட்டையும் நமக்கு, மடல் பசுவுக்கு. அரிவாள்ல எண்ணெய் தடவி மடலைக் கொத்திப் போடணும், இல்லன்னா பால் ஒட்டிக்கும். மரச்சீனி மட்டும் வேற கணக்கு. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரவின கிழங்கு அது. தோல்ல விஷம் உண்டு. "லேய், பச்சையாப் போடாத, பசு செத்துப்போவும்" என்று பாட்டி சத்தம் போடுவாள். வெயிலில் நல்லா காய்ந்த பிறகுதான் தொழுவத்துக்குப் போகும்.

அப்புறம் ரப்பர் வந்தது. திருவிதாங்கூரில் 1902-ல் தட்டேக்காட்டில் தொடங்கியது, எங்க மலைகளையும் மூடியது. அரசு ரப்பர் கழகம் 1984-ல் உருவானது. மேய்ச்சல் நிலம் சுருங்கிப்போச்சு. ஆனா ரப்பர் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். இளங்கன்றுகளுக்கு நடுவில் முதல் மூணு நாலு வருஷம் கைதச்சக்கை போடலாம். பழச்சாறு எடுத்தால் பாதிக்குப் பாதி தோல், கொண்டை, சக்கைதான். ஹவாயில் 1901-ல் டோல் தொடங்கின கம்பெனி டப்பாவில் அடைச்ச காலத்திலேயே, அந்தக் கழிவை உலர்த்தி மாட்டுத் தீவனமாக்கினாங்க.

நமக்கு இங்க வெயிலை நம்ப முடியாது. மழைக்காட்டு ஊர், தோல் ஒரே நாளில் புளிச்சு ஈ மொய்க்கும்.

இது தெரியாம நான் ஒரு தப்பு செஞ்சேன். ஜூஸ் கடையில் ஓசியா கிடைச்ச ஒரு சாக்குத் தோலை ஒரே நேரத்தில் பசுவுக்குக் கொட்டிட்டேன். ருசியா தின்னுச்சு. ராத்திரி அசை போடல, மறுநாள் எழுந்திருக்கல. இனிப்பு வயித்துக்குள்ள போய் அமிலமாயிருச்சுன்னு டாக்டர் சொன்னார், சோடா உப்பு கரைச்சு ஊத்தினார். பசு பிழைச்சுது. அந்த ஈத்துக்குப் பால் மட்டும் திரும்பல.

பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் அன்னாசிக் கழிவில் ஊறுகாய்ப்புல் தயாரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கு. நான் இப்ப தோலையும் கொண்டையையும் நறுக்கி, ஈரம் குறைய வைக்கோல் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் காத்து போகாம மிதிச்சு மூடுறேன். மூணு வாரம் கழிச்சுத் திறந்தா புளிப்பும் இனிப்புமா நல்ல வாசனை. முதல் நாள் ஒரு கைப்பிடி, அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டணும். புரதம் கம்மி, பிண்ணாக்கை நிறுத்தக்கூடாது.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் இப்ப நிழல் கட்டிருச்சு, அடுத்த வருஷம் கைதச்சக்கை கிடையாது. டிரம்மில் சக்கை மடலை அடைச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்.