செம்பனையும் கூன்வண்டும்

பனையில் ஆண் வேறு, பெண் வேறு என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆண்பனை காய்ப்பதில்லை, எனினும் அதன் பூந்தாது இன்றிப் பெண்பனை விதை கொள்வதில்லை. மலேசியத் தோட்டங்களில் நிறைந்துள்ள செம்பனையின் இயல்பு சற்று வேறானது. ஒரே மரம் சில காலம் ஆண்பாளைகளையும், பின்னர்ச் சில காலம் பெண்பாளைகளையும் மாறி மாறி ஈனும். இரண்டும் ஒருங்கே மலர்தல் அரிது. ஆகவே ஒரு மரத்தின் தாது மற்றொரு மரத்தை அடைந்தாக வேண்டும். அதனைச் சுமந்து செல்வது எது? இவ்வினாவிற்கு விடை கண்டு பயன்கொள்ள இந்நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பெற்றன. அவற்றின் வழிவந்த மரங்களே பின்னர்ச் சுமத்திராவிலும் மலாயாவிலும் பரவின. 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில் செம்பனையை முதன்முதலாக வாணிக முறையிற் பயிரிட்டார். மரம் வந்தது, தாயகத்தில் அதனோடு கூடிவாழ்ந்த பூச்சி வரவில்லை.

காற்றே செம்பனையின் தாதைச் சுமக்கிறது என்று நூல்கள் கூறின. ஆயினும் இளமரங்களின் குலைகளில் காய்கள் நிரம்பப் பிடிக்கவில்லை. சபாவில் இக்குறை மிகுதி. எனவே தொழிலாளர் ஆண்பாளைத் தாதைச் சேர்த்து, டால்க் மாவுடன் கலந்து, ஊதுகருவியாற் பெண்பாளைகளின்மேல் தூவினர். பெண்பூ தாது ஏற்கும் நிலையில் இரண்டு மூன்று நாட்களே இருக்கும்; ஆதலால் சில நாட்களுக்கு ஒருமுறை மரம் மரமாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. தீபகற்பத் தோட்டங்களில் உழைத்தோருள் தமிழர் பலர். பூச்சியின் பணியை மனிதர் கைகள் செய்தன.

கேமரூனிலும் சபாவிலும் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிருவாகி, கேமரூனில் மனிதர் தாது தூவாமலே குலைகள் நிறைவதைக் கண்டிருந்தார். காற்று இரு நாட்டிலும் வீசுகிறது. விளைவு மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? அவரது முயற்சியால், பாகிஸ்தானியப் பூச்சியியலறிஞர் ரஹ்மான் சையத் 1970களின் பிற்பகுதியில் கேமரூனில் ஆராய்ந்தார். தாதைச் சுமப்பவை சிறு கூன்வண்டுகளே எனத் தெளிந்தார்.

மலர்ந்த ஆண்பாளை சோம்பு போன்ற மணம் வீசும். வண்டுகள் அங்கே கூடி உண்டு, முட்டையிடும். புழுக்கள் வாடிய ஆண்பூக்களைத் தின்று வளரும். பெண்பாளையும் அம்மணத்தைச் சிறிதளவு வீசும். அதனை நாடி வரும் வண்டின் உடலில் ஒட்டிய தாது, பெண்பூவிற் படிகிறது.

சையத் பல இனங்களை ஒப்பிட்டு, எலெய்டோபியஸ் கேமருனிகஸ் என்னும் இனத்தைத் தேர்ந்தார். பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாமை தனிமைக் காப்பிற் சோதிக்கப்பெற்ற பின்னர், 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலக் குளுவாங் வட்டாரத்தில் வண்டுகள் விடப்பட்டன. அவை விரைந்து பரவின; குலைகள் நிறைந்தன; தாது தூவும் வேலை மறைந்தது.

எனினும் வண்டு வாழ ஆண்பாளை வேண்டும். பெண்பாளை மிகுமாறு தேர்ந்த இனங்களின் இளமரங்களில் ஆண்பாளை அருகும்போது வண்டும் அருகுகிறது, காய்ப்பும் குன்றுகிறது. காய்க்காத பாளை வீண் அன்று.

செம்பனையின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் 1917ஐச் சொல்லுமிடத்து 1981ஐயும் சொல்லுதல் வேண்டும். இடைக்காலத்தில் தாது தூவிய கைகளையும் மறவாதிருத்தல் வேண்டும்.